எங்கள் வீட்டுப் பந்தயக் கார்

கணவருக்குச் சீட்டாட்டப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம் என்று குறைபட்டுக்கொள்ளும் சகோதரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு வாய்த்தவருக்குக் கார்ப் பைத்தியம். அதுவும் ஊர் சுற்றுகிற கார் அல்ல, பந்தயக் கார்! நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, வளைவே இல்லாத நேர்ப்பாதையில் கால் மைல் தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறோம் என்பதுதான் அந்தப் பந்தயம். அமெரிக்காவில் 'டிராக் ரேஸ்' என்பார்கள். கால் மைல் என்றால் 402 மீட்டர். நம் பாஷையில் சொன்னால் 440 கஜம். ஆறு கஜப் புடவைகள் எழுபத்து மூன்றை வரிசையாக நீட்டி விரித்தால் எவ்வளவோ, அவ்வளவு தூரம். அத்தனை புடவையையும் மடித்து வைக்க நமக்கு அரை நாள் ஆகும். இவர் அந்தத் தூரத்தை இருபது விநாடிக்குள் கடக்க வேண்டும் என்று மூன்று வருஷம் பாடுபட்டார்.

"எப்படித்தான் பொறுத்துக்கிட்டீங்களோ!" என்று இன்றும் கேட்கிறார்கள். நான் பொறுத்துக்கொள்ளவில்லை. அழுது தடுக்கவும் இல்லை. 'என்னமோ செய்ங்க' என்று விலகி உட்காரவும் இல்லை. ஆபத்தான ஆசை ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு பெண் செய்யக்கூடிய நாலாவது காரியம் ஒன்று இருக்கிறது. அது காரே இல்லாத வீட்டுக்கும் உதவும் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஷெட்டில் தூங்கிய ஃபோர்டு

வேகம் எங்கள் காரைக்குடிச் சீமைக்குப் புதிதல்ல. பொங்கல் வந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு. திருவிழா வந்தால் பெரிய மாடு, சின்ன மாடு என்று தனித்தனியாக வண்டிப் பந்தயம். காருக்கும் இங்கே பஞ்சம் இருந்ததில்லை. பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போனவர்கள் நாலு காசு சேர்ந்ததும் வீடு கட்டினார்கள், தேக்குத் தூண் நிறுத்தினார்கள், வாசலில் சீமைக் கார் ஒன்றையும் நிறுத்தினார்கள். சம்பாத்தியம் போன பிறகு தூண் நின்றது. கார் ஷெட்டுக்குள் போய்விட்டது.

எங்கள் வீட்டு ஷெட்டில் கிடந்தது, என் மாமனார் வாங்கி வைத்த 1936ஆம் வருஷத்து ஃபோர்டு வி-8. எட்டு சிலிண்டர், 85 குதிரைசக்தி. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடினாலே பெரிசு. 1973இல் உலகம் முழுக்க எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை எகிறியதும், "இந்த யானைக்குத் தீனி போட முடியாது" என்று மூடிப் போட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் மாமனாரும் தவறிவிட்டார்.

என் கணவர் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய அமெரிக்கப் பத்திரிகை ஒன்றை வாங்கி வந்தார். அதில்தான் வினை ஆரம்பம். 1932இல் ஃபோர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் என்ஜினைச் சாதாரண ஜனங்கள் வாங்குகிற விலைக்குக் கொண்டுவந்ததாம். அந்தக் கார்கள் பழசானதும் அமெரிக்கப் பையன்கள் மலிவாக வாங்கி, மட்கார்டு, கூரை எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, வறண்ட ஏரிகளிலும், யுத்தம் முடிந்து சும்மா கிடந்த விமான ஓடுதளங்களிலும் பந்தயம் விட்டார்களாம். தெருவில் ஓட்டிச் சாகிறார்களே என்று 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் இதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்து விதிமுறை வகுத்தாராம்.

"நம்மகிட்டயும் வி-8 இருக்கு. ஓடுதளமும் இருக்கு" என்றார் இவர்.

உண்மைதான். இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரர்கள் போட்ட ஓடுதளம் ஒன்று செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் இருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு அங்கே விமானத்துக்கு வேலை இல்லை. ஆடு மாடுதான் மேய்ந்துகொண்டிருந்தது.

மாமியாரின் பஞ்சாயத்து

1977 என்று நினைவு. மூத்தவள் இடுப்பில் இருக்கிறாள், இன்னும் சரியாக நடக்கக்கூட வரவில்லை. வளவில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் இவர் விஷயத்தைச் சொன்னார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவுக உக்காந்த வண்டியப்பா அது. அதைப் பிரிச்சுப் போடுறேங்கிறியே!"

"ஆத்தா, ஷெட்டுல கிடந்து எலிதானே குட்டி போடுது? வள்ளல் அழகப்பர் ஏரோப்ளேனே ஓட்டப் படிச்சவுக. நான் காரைத்தானே ஓட்டுறேன்?"

"அழகப்பர் ஓட்டவும் செஞ்சாக, ஊருக்குக் காலேஜும் கட்டினாக. நீ என்னத்தைக் கட்டப் போறே?"

இவர் வாயடைத்துப் போய்விட்டார். மாமியார் என் பக்கம் திரும்பினார். "நீ என்னாத்தா சொல்றே? கழுத்துல கட்டியிருக்கிறவ நீதானே?"

வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் இவரை எனக்குத் தெரியும். வீட்டில் வேண்டாம் என்றால் வெளியூரில் யாரோ ஒருவருடைய காரில், யாரோ போட்ட பிரேக்கை நம்பி ஓட்டுவார். அதற்கு என் கண்ணெதிரே, எனக்குத் தெரிந்த காரில் ஓட்டட்டும் என்று பட்டது. "மூணு நிபந்தனைக்குச் சம்மதிச்சா எனக்குச் சரி அயித்தை" என்றேன்.

முதல் நிபந்தனை: நகை அடகுக்குப் போகக் கூடாது, கடனும் வாங்கக் கூடாது. மாசம் இவ்வளவு என்று ஒரு தொகை. அது தீர்ந்தால் அடுத்த மாசம்தான் வேலை.

இரண்டாவது: வண்டி முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும். அதாவது பிரேக் வேலை முடியாமல் என்ஜினைத் தொடக் கூடாது.

மூன்றாவது: எந்தச் சாமானைக் காட்டியும், "இது அறுந்தா என்ன ஆகும்?" என்று நான் கேட்பேன். கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரக் கூடாது.

மாமியாரும் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். கழற்றுகிற ஒவ்வொரு தகட்டுக்கும் திருகுக்கும் நம்பர் போட்டுத் துணியில் சுற்றி மாடியில் வைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவுக வண்டி பழையபடி வாசலில் நிற்க வேண்டும்.

குக்கர் சொல்லித் தந்த பாடம்

அந்த மூன்றாவது நிபந்தனை என் மூளையில் உதித்தது அல்ல, சகோதரிகளே. நம் எல்லார் அடுப்படியிலும் இருக்கிற பிரஷர் குக்கர் சொல்லித் தந்தது. குக்கருக்கு மேலே வெயிட் ஒன்று இருக்கிறது. ஆவி அதன் வழியாகத்தான் வெளியேறும். பருப்பு நுரை போய் அந்தத் துவாரம் அடைத்துக்கொண்டால்? அதற்காகவே மூடியில் சேஃப்டி வால்வு என்று இன்னொன்று வைத்திருக்கிறார்கள். சூடு மீறினால் அது உருகி வழி விடும். வருஷம் முழுக்க அதற்கு வேலையே இல்லை. ஆனால் அது இல்லாத குக்கரை நாம் அடுப்பில் ஏற்றுவோமா?

காரையும் அப்படித்தான் பார்த்தேன். 1936 ஃபோர்டுக்குக் கம்பியால் இழுக்கிற பிரேக். அந்தக் கம்பெனியே 1939இல்தான் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்கிற ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. "கம்பி அறுந்தா?" என்று கேட்டேன். மெக்கானிக் பாய் சிரித்துக்கொண்டே, "அறுந்தா ஆண்டவன்தான்மா" என்றார். "அப்போ மாத்துங்க பாய்" என்றேன். பழைய ஜீப் ஒன்றிலிருந்து ஹைட்ராலிக் பிரேக் எடுத்துப் பொருத்தினார்கள். கைப்பிரேக்குக்குப் பழைய கம்பியையே தனியாக விட்டார்கள். எண்ணெய் ஒழுகினால் கம்பி, கம்பி அறுந்தால் எண்ணெய். அதற்கே நாலு மாசம் ஆனது. நாலு மாசமும் என்ஜின் பக்கம் யாரும் போகவில்லை!

வண்டி உருண்டால் தலை நசுங்காமல் இருக்க, தலைக்கு மேலே உயர்ந்து நிற்கிற மாதிரி தடித்த இரும்புக் குழாயை வளைத்து, அடிச் சட்டத்தோடு வெல்டிங் செய்தார்கள். மெட்ராஸ் புதுப்பேட்டையில் தேடி, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட் வாங்கி வந்தார் இவர். பெல்ட்டை இருக்கையில் மாட்டப் போனார்கள். "இருக்கையே பிடுங்கிக்கிட்டா?" என்றேன். அதையும் அடிச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கினார்கள். ஹெல்மெட், தீயணைப்புக் கருவி, இரண்டு வாளி மணல் எல்லாம் வந்து சேர்ந்தன.

அதன் பிறகுதான் என்ஜின். அழகப்பா பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி விடுமுறைக்கு வந்து விளக்கிச் சொன்னான். வேகம் என்பது பலம் மட்டும் இல்லையாம், பாரத்தைக் குறைப்பதும்தானாம். கூரை, கதவு, பின்சீட்டு, மட்கார்டு எல்லாம் நம்பர் போட்டுக்கொண்டு மாடி ஏறின. ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு. பின்பக்கம் அகலமான டயர். கிளம்புகிற அந்த முதல் நிமிஷத்தில் பாரம் பின்சக்கரத்தின் மேல் அழுந்தினால்தான் டயர் தரையைக் கவ்வும், இல்லையென்றால் ஒரே இடத்தில் சுற்றிப் புகை விடும். அதற்காக டிரைவர் இருக்கையையே பின்னால் தள்ளினார்கள். ஏற்றத்தில் வண்டிக்காரர் முன்னும் பின்னும் நகர்ந்து உட்கார்ந்து பாரம் சரி பார்ப்பதில்லையா, அதே கணக்குத்தான்.

அந்த என்ஜினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூடான புகை வெளியே போகிற பாதை என்ஜின் உடம்புக்குள்ளேயே வளைந்து, தண்ணீர் ஓடுகிற இடத்தை ஒட்டிப் போகும். சமையலறைக்குள்ளேயே புகைபோக்கியைச் சுற்றிவிட்ட மாதிரி! சீக்கிரம் கொதித்துவிடும். பெரிய ரேடியேட்டர் வைத்தும் இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஆறப் போட வேண்டியிருந்தது.

குழந்தை இருக்கும் வீட்டில்

வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் இப்படி ஒரு வேலை நடந்தால், குழந்தையை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. ஸ்கூட்டர் நிற்கிற வீடு, ஸ்டவ் எரிகிற வீடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், ஆசிட் எதையும் சோடா பாட்டிலிலோ டம்ளரிலோ ஊற்றி வைக்க விடவில்லை. குழந்தைக்கு அது கலர்த் தண்ணீர்தான். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியில் மேலே வந்து நுரையீரலுக்குள் போகும்போதுதான் அது பெரிய ஆபத்து. உப்புத் தண்ணீர், பால் என்று எதையும் புகட்டாமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஷெட்டில் வேலை செய்த பையன்கள் குழாயை வாயில் வைத்து பெட்ரோலை உறிஞ்சுவார்கள். அதையும் நிறுத்தி, ஒரு கைப்பம்பு வாங்கிக் கொடுத்தேன்.

பாட்டரி ஆசிட் மேலே பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் அப்படியே கழுவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும், ஆவி அடங்காத குக்கரைத் திறப்பதும் ஒன்றுதான். சுட்டுவிட்டால் இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். இருபது நிமிஷம் பச்சைத் தண்ணீர் போதும். பெரிய புண் என்றால் டாக்டர்.

இன்னொன்று. அந்தக் காலத்து பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன் என்று இன்று எல்லாருக்கும் தெரியும். பெட்ரோலிலும் ஈயம் கலந்திருந்தது. நம் நாட்டில் 2000ஆம் வருஷத்தில்தான் அதை முழுசாக நிறுத்தினார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அன்றைக்கு எனக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. ஆனால் அழுக்கு அழுக்குத்தானே? ஷெட்டுச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்கலாம். அந்தச் சட்டைக்குத் தனி வாளி. குழந்தைத் துணியோடு சேராது. இன்றும் மெக்கானிக், பெயிண்டர் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இந்த வழக்கம் இருந்தால் நல்லது.

ஓடுதளத்தில் விடியற்காலை

1978 கடைசியில் வண்டி ஓடுகிற நிலைக்கு வந்தது. பண்ணையில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போவோம். முதல் வேலை, ஓடுதளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து கல், ஆணி, சாணி எல்லாம் பொறுக்குவது. அப்புறம் ஆடு மாடு குறுக்கே வராமல் பார்க்க இரண்டு பக்கமும் ஆள். டேப் பிடித்து 402 மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டோம்.

நேரம் பார்ப்பது என் வேலை. எல்லைக் கோட்டில் ஸ்டாப் வாட்சோடு நிற்பேன். அந்தப் பக்கம் தம்பி பழைய கண்டாங்கிச் சேலைக் கிழிசலைக் கொடியாகப் பிடித்து நிற்பான். கொடி இறங்குவதைக் கண்ணால் பார்த்து வாட்சை அமுக்க வேண்டும், என்ஜின் உறுமலைக் காதால் கேட்டு அமுக்கக் கூடாது. ஏனென்றால் 402 மீட்டரைக் கடந்து சத்தம் நம் காதுக்கு வர ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும். ஒரு விநாடிதானே என்கிறீர்களா? அந்த ஒரு விநாடியைக் குறைக்கத்தான் இவர் ஆறு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்!

முதல் நாள் 21 விநாடி. கிளட்சை விடுகிற பக்குவம் பிடிபட்டதும் 19 ஆனது. கார்புரேட்டர் சரியானதும் 18. கடைசியில் ஒரு மார்கழி மாசத்துக் குளிர்ந்த விடியலில் 17 விநாடியும் சொச்சமும். குளிர்ந்த காற்று கெட்டியாக இருக்கும், என்ஜினுக்குள் அதிகம் போகும் என்றான் தம்பி. எல்லையைத் தாண்டும்போது மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். அந்தத் தகரக் கூட்டுக்குள் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்கிற நினைப்பு ஒவ்வொரு முறையும் அடிவயிற்றைப் பிசையும். வாட்சைப் பார்க்கிற கை நடுங்கக் கூடாது என்பதற்காகவே மூச்சை அடக்கிக்கொள்வேன். பிரேக் பிடித்து வண்டி நின்றதும்தான் மூச்சு வரும். நான் முதலில் கேட்டு வாங்கிய பிரேக்!

ஒருநாள் இவர் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நீயும் ஒரு தடவை ஓட்டிப் பாரேன். உனக்குத் தெரியாத திருகு இதுல எது?"

கல்யாணத்துக்கு முன்பே என் அப்பச்சி எனக்கு ஃபியட் ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தார். புடவையை இழுத்துச் செருகி, முந்தானை காற்றில் பறந்து எதிலும் சிக்காமல் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொடி இறங்கியது. முதுகில் யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரி இருந்தது. கண்ணுக்கு நேரே வெள்ளைக் கோடு, அதைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லை. அடுப்பு இல்லை, வேலை இல்லை, நாளைக்கு என்ன சமையல் என்கிற யோசனை இல்லை. பத்தொன்பது விநாடி! நின்ற பிறகு காரணமே இல்லாமல் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த மனுஷர் எதைத் தேடி ஓடுகிறார் என்று அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சேலை கிழியலையே?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சந்தனம் அரைக்கப் போய்விட்டார்!

சோழவரம்

அந்தக் காலத்தில் பந்தயம் என்றாலே சோழவரம். மெட்ராஸிலிருந்து கல்கத்தா சாலையில், செங்குன்றம் தாண்டி. அதுவும் யுத்தகால ஓடுதளம்தான். 1953இல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். கோயமுத்தூர் கரிவர்தன் தன் கையாலேயே பந்தயக் கார் உருவாக்கியவர். பின்னால் மாருதி என்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்று மலிவான பந்தயக் காரைச் செய்து, நம் பையன்களுக்கு வழி திறந்துவிட்டார். 1995இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். கோவையில் 2003இல் திறந்த பந்தய மைதானத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

1980இல் எங்கள் வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, குழந்தையையும் கட்டுச்சோற்றையும் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரம் ரயிலில் நாங்கள் மெட்ராஸ் போனோம். என்ன கூட்டம்! என்ன தூசி! என்ன சத்தம்! குழந்தையின் காதில் பஞ்சு வைத்து அடைத்து, மேலே மப்ளரும் சுற்றினேன்.

ஆனால் அங்கே நடப்பது கால் மைல் ஓட்டம் இல்லை. வளைந்து வளைந்து சுற்றி வர வேண்டும். எங்கள் வண்டியோ நேரே போகவென்றே பிறந்தது. கொடி விழுந்ததும் சிட்டாகப் பறந்து எல்லாரையும் முந்தியது. "அப்பச்சி! அப்பச்சி!" என்று குழந்தை கத்துகிறாள். முதல் வளைவு வந்தது. சின்னச் சின்னக் கார்களெல்லாம் எங்கள் யானையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன. நேர்ப்பாதையில் மறுபடி இரண்டு பேரை முந்துவார், அடுத்த வளைவில் மூன்று பேர் இவரை முந்துவார்கள். ஒன்பது பேரில் ஏழாவதாக வந்தார். இறங்கி வந்தபோது முகம் முழுக்கக் கரி. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அப்படி ஒரு சிரிப்பு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். சாயங்காலம் மெக்கானிக் பாய் என்ஜின் மூடியைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். "அம்மா, இங்கே வாங்க" என்றார்.

ஆக்ஸிலரேட்டர் மிதியை விட்டதும் என்ஜின் வேகத்தைத் தானாகக் குறைப்பதற்கு ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அது அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்தால் என்ன ஆகும்? காலை எடுத்தாலும் என்ஜின் முழு வேகத்திலேயே இழுக்கும். வளைவுக்குள் அப்படியே போனால்... சொல்ல வேண்டாம். ஓடுதள நாட்களில் அந்த ஸ்பிரிங்கைக் காட்டியும் நான் என் கேள்வியைக் கேட்டிருந்தேன். "இது அறுந்தா?" இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு ஸ்பிரிங்கை மாட்டியிருந்தார். இன்றைக்கு அந்த இரண்டாவது ஸ்பிரிங்தான் வண்டியை அடக்கியிருக்கிறது. எந்தச் சுற்றில் முதலாவது அறுந்தது என்று ஓட்டினவருக்கே தெரியவில்லை!

இவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். பேசவே இல்லை. பிறகு என் உள்ளங்கையில் வைத்து மூடினார். கோப்பை எதுவும் நாங்கள் வாங்கி வரவில்லை. அந்த அறுந்த ஸ்பிரிங் என் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு தாய்

பல வருஷம் கழித்து ஷர்லி முல்டவுனி என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிப் படித்தேன். பதினாறு வயசிலேயே கல்யாணம் ஆனவர். ஒரு பையனுக்குத் தாய். கணவர் வண்டியைக் கட்டிக் கொடுக்க, ஓட்டியது மனைவி! டிராக் பந்தயத்திலேயே மிக வேகமான வண்டிகளை ஓட்ட லைசென்ஸ் வாங்கிய முதல் பெண் அவர்தான். 1977, 1980, 1982 என்று மூன்று முறை தேசிய சாம்பியன் பட்டம் வாங்கினார். நாங்கள் சோழவரத்தில் ஏழாவதாக வந்த அதே 1980!

1984இல் கனடாவில் அவருடைய வண்டியின் முன் டயரில் கோளாறு ஏற்பட்டு, பயங்கர விபத்து. இரண்டு கால்களும் நொறுங்கின. பல ஆபரேஷன்களுக்குப் பிறகு 1986இல் மறுபடி பந்தயத்துக்கே வந்தார். எத்தனை நெஞ்சுரம்! ஆனால் அதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது வேறு. அத்தனை பெரிய வண்டி, ஆயிரக்கணக்கான குதிரைசக்தி, அதைக் கவிழ்த்தது ஒரு முன் டயர். சின்னச் சாமானைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்று சோழவரத்தின் அந்தக் காலம் போய்விட்டது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சரியான பந்தய மைதானமே வந்துவிட்டது. சென்னைப் பெண் அலிஷா அப்துல்லா பைக்கும் காரும் பந்தயத்தில் ஓட்டிப் பெயர் வாங்கியிருக்கிறார். கால் மைல் ஓட்டமும் முறையான போட்டியாக நடக்கிறது. ஆகவே, வேகத்தில் ஆசை உள்ள பிள்ளைகள் நெடுஞ்சாலையில் பைக்கை முறுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கென்று இடம் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது, பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது.

எங்கள் கார் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மாமியாருக்குக் கொடுத்த வாக்குப்படி 1982இல் மாடியிலிருந்து நம்பர் போட்ட மூட்டைகள் இறங்கின. ஒரு திருகு குறையவில்லை. கதவும் கூரையும் ஏறி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, மாமனார் உட்கார்ந்த இடத்தில் மாமியாரை உட்கார வைத்து, குன்றக்குடிக்குக் கூட்டிப் போனார் இவர். பிரேக்கும் பெல்ட்டும் மட்டும் பழையபடி மாறவில்லை. அதை மாமியாரே வேண்டாம் என்றுவிட்டார். "அது என் மருமக போட்டது, இருக்கட்டும்" என்றார்.

மூத்தவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போனது. போன வருஷம் பேரன் பெரிய மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். என் மகள் அழுதாள், மருமகன் கத்தினார். நான் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "வாங்கிக்கடா. ஆனா ஆயா கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. டயர் வழுக்கினா என்ன? பிரேக் விட்டா என்ன? தலை தரையில பட்டா என்ன?" ஒரு வாரம் படித்துவிட்டு வந்து, பூட்டிக்கொள்ளாத பிரேக் உள்ள வண்டியையும், ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட்டையும் அவனே தேர்ந்தெடுத்தான். வண்டியும் அவன் கேட்டதைவிடச் சின்னதாகிவிட்டது!

கண்ணீரால் யாருடைய வேகத்தையும் குறைக்க முடியாது, சகோதரிகளே. கேள்வியால் முடியும். வீட்டில் மாட்டுகிற கேஸ் குழாயாகட்டும், மாடிக் கைப்பிடியாகட்டும், பிள்ளை ஏறப்போகிற பள்ளி வேனாகட்டும், "இது அறுந்தா என்ன?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்கிறவர் வாயை மூட மாட்டாள் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். வீட்டில் எல்லாரும் முழுசாகச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அதுவே போதும்.